தேசு வராத வாரம்

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே புழுக்கம். கடற்காற்று மதியம் வரை எட்டிப் பார்க்கவில்லை. பதிலுக்கு வடக்கே தொழிற்சாலைப் பக்கமிருந்து அழுகின முட்டை வாடை. ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் நாற்றம். திறந்தே வைத்தேன்.

வாங்க வேண்டியது: மூத்திரப் பை, கையுறை, தே. எண்ணெய், அம்மா முட்டிக்குத் தைலம், வத்திப்பெட்டி. (வத்திப்பெட்டி மறந்தேன். அம்மா அதற்கு ஒரு மணி நேரம் பாட்டுப் பாடினாள்.)

தேசப்பன் விடிந்ததுமே வந்துவிட்டான். எங்களுக்குத் தேசு. தம்பியைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைத்து, ஜன்னலோரம் தள்ளிவிட்டு, அப்புறம்தான் டீ. என் தம்பி சேவியரும் அவனும் காசிமேட்டில் ஒரே விசைப்படகில் வேலை பார்த்தவர்கள். ஜனவரியில் சேவியர் விழுந்ததிலிருந்து, கரையில் இருக்கும் நாளெல்லாம் தேசு எங்கள் வீட்டில்தான். இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கட்டிக் கிடக்கின்றன, அதனால் தினமும். பதினாலாம் தேதியோடு தடை முடிகிறது. அதற்கப்புறம் யார் தூக்குவது? நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விழுந்த கதை படகில் இருந்த மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மீன் இறக்கும் நேரம். கால் வழுக்கி, பக்கத்துப் படகின் விளிம்பில் முதுகு அடித்து, இரண்டு படகுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்திருக்கிறான். அலையில் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. தேசு குதித்து, மீன் கூடை தூக்கும் வலையை இறக்கச் சொல்லி, சேவியரை அதில் போட்டு, கப்பியில் இழுக்க வைத்தான். அங்கே எதைத் தூக்குவதானாலும் அப்படித்தான். ஐஸ், கூடை, இன்ஜின் சாமான், விழுந்த மனுஷன். வலைக்குள் இரண்டாக மடிந்து மேலே வந்தானாம்.

முதுகில் அடிபட்டவனை மடக்கவே கூடாது. எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. நான் இதுவரை இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஜூன் 6, வெள்ளி

கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டது. லேப்புக்கு லேட். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசம்.

நாள் முழுக்க கிரையோஸ்டாட் என்கிற குளிர்ப்பெட்டி முன்னால். உறைந்த எலித் தண்டுவடத்தை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது. வெளியே வேர்க்குரு, உள்ளே விரல் விறைப்பு. அப்புறம் சாயம். இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஆஸ்ட்ரோசைட் பச்சை, மைக்ரோகிளியா சிவப்பு. இரண்டும் துணைச் செல்கள். சேதி சொல்வது நரம்புச் செல்லின் வேலை. அதற்குச் சோறு போடுவது, குப்பை அள்ளுவது, காவல் இருப்பது இவற்றின் வேலை.

வேதனை என்னவென்றால், தண்டுவடத்தில் அடி பட்டதும் முதலில் ஓடி வருவதும் இவைதான், வீக்கத்தை மூட்டுவதும் இவைதான். சிவப்பு வந்து செத்ததைத் தின்னும், பச்சையை உசுப்பிவிடும். பச்சை பருத்துக்கொண்டு, இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களையும் வா வா என்று கூப்பிடும். கூட்டம் சேர்ந்து வீங்கி, அடியே படாத பக்கத்து நரம்பும் சாகும். அடி ஒரு நொடி. சேதம் நாள்கணக்கில் பரவும்.

லேப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு மேடம் சொல்கிற உதாரணம்: ரோட்டில் ஒருத்தன் விழுந்தால் ஒருத்தன் சோடா, ஒருத்தன் சாவிக்கொத்து, நாலு பேர் கை கால். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஜனவரி வரைக்கும்.

வீட்டில் அம்மா, கீழ் வீட்டுக்காரியிடம்: “எம் பொண்ணு புள்ள எந்திரிச்சி நடக்குற மருந்த தாம்மா கண்டுபுடிச்சிகினு கீறா.” எத்தனை தடவை சொல்லியாயிற்று, நான் வெறுமனே சீவுகிறவள் என்று. கேட்டால்தானே.

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பூசை முடிந்து வந்தால் கட்டில் காலி. தேசு ஒரு மீன் வண்டியைப் பிடித்து, சேவியரை நாற்காலியோடு ஏற்றி, காசிமேட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதாம், காட்டணுமாம். அம்மாவுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் விடமாட்டேனாம்.

மதியம் தாண்டி வந்தார்கள். தம்பி முகம் வெயிலில் கருத்து, வாய் நிறையச் சிரிப்பு. நீலமா, பச்சையா என்று தொடங்கி, எந்த மேஸ்திரி படகுப் பேரைத் தப்பாக எழுதினான் என்பது வரை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜனவரிக்கப்புறம் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கட்டிலில் கிடத்தி ஒருக்களித்தபோது பார்த்தேன். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. நாற்காலியில் போடுகிற காற்றுக் குஷனை எடுத்துப்போக மறந்திருக்கிறார்கள். வெயிலில், ஆடுகிற வண்டியில், வெறும் நாற்காலிமேல் அத்தனை நேரம். அவனுக்கோ வலி தெரியாது. அந்தப் புண் குழியாகிக் காய்ச்சலில் செத்துப் போனவர்களை ஆஸ்பத்திரி வார்டில் பார்த்திருக்கிறேன்.

என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன். “வண்டியில போட்டு இஸ்துகினு போனியே, இவன் இன்னா மீனா? அன்னிக்கும் இப்டித்தான். நீ அந்த வலையில மடக்கித் தூக்காம இருந்திருந்தா, எந்தம்பி இன்னிக்கி நடந்துகினு இருப்பான்.”

தேசு தம்பியைப் பாதி திருப்பி வைத்திருந்தான், மீதியையும் திருப்பினான். முழங்கால் நடுவில் தலையணை வைத்தான். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து நேராக்கினான். கை கழுவினான். போய்விட்டான். அம்மா போட்ட டீ ஆறிப்போனது.

சேவியர் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தேசு வரவில்லை.

லீவு சொன்னேன். நானும் அம்மாவும் சேர்ந்து தம்பியை நாற்காலிக்கு மாற்றப் பார்த்து, முடியாமல், பாதி வழியில் மறுபடி கட்டிலிலேயே போட்டோம். அம்மாவின் முட்டி ‘ஐயோ’ என்றது. தம்பிக்கு நாள் முழுக்கப் படுக்கை. ஜன்னலோரம் நாற்காலி மட்டும்.

புண் அப்படியே. மருந்து வைத்தேன். பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தேன்.

மீன் இல்லை. தடைக்கால விலைக்கு வஞ்சிரத்தின் வாலைக்கூடத் தொட முடியாது. முட்டைக் குழம்பு. தம்பி சாப்பிடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டே விட்டேன். சாப்பாட்டு நேரம், மேடம் தனியாக இருந்தார். ஒருவனுக்கு முதுகு விழுந்தபோதே போனதா, தூக்கினபோது போனதா, எப்படிச் சொல்வது? யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுப் பேசினார். அவ்வளவு மாதம் கழித்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். விழுந்த அடி ஒன்று, தூக்கினது ஒன்று, அதற்கப்புறம் உள்ளே நாள்கணக்கில் இந்தச் செல்கள் மூட்டுகிற வீக்கம் ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று. நல்லபடியாகத் தூக்கிக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் மறுநாள் கால் போயிருக்கிறது என்றார். யாராவது சொல்லி நான் கேட்க நினைத்தது அதைத்தான்.

பழைய பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துத் தந்தார். அந்த எலிக்குப் பச்சைச் செல்களை முன்கூட்டியே இல்லாமல் செய்திருந்தார்கள். தொல்லை செய்கிறவை இல்லையென்றால் காயம் சின்னதாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. வேலி கட்ட ஆள் இல்லாமல் காயம் இரண்டு பக்கமும் பரவி, நல்ல இடத்தையும் தின்றிருந்தது. இந்தத் தகட்டை நானே முன்பு எத்தனையோ தடவை துடைத்து வைத்திருக்கிறேன். அப்போது அது வெறும் தகடு.

மேடம் சொன்னது: “அதுங்க வந்தாலும் கெடுதல்தான் ஸ்டெல்லா, வராட்டி அதவிடக் கெடுதல். அத அடக்கிவைக்கத்தான் பாக்குறோம், ஒழிச்சுக்கட்ட இல்ல.”

பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. தேசுவிடம் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. நீ இல்லைடா, உள்ளே இருக்கிற செல்கள்தான். போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

கீழ் வீட்டுக்காரரும் அவர் மச்சானும் வந்து தூக்கினார்கள். நல்ல மனுஷங்கள்தான். ஆனால் ஒருவர் கக்கத்தில், ஒருவர் கணுக்காலில் பிடித்து அரிசி மூட்டை மாதிரி ஊஞ்சலாட்டி உட்கார வைத்தார்கள். தம்பி காலில் தானாக வருகிற அந்த நடுக்கம் விசுக்கென்று வந்து, ஒருவர் பயந்து கையை விட்டுவிட்டார். நல்லவேளை, நாற்காலிக்கு மேலேதான் விட்டார்.

இனிமேல் வேண்டாம், படுத்தே கிடக்கிறேன் என்றான் தம்பி. மூன்று நாளில் அவன் பேசின முதல் வார்த்தை அது.

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் தாங்காமல் ஒன்று விட்டாள். “படிச்ச வாயி உனுக்கு. நல்லா குத்திட்ட.” சரிதான். திட்டட்டும்.

ஜூன் 12, வியாழன்

சாயந்திரம் ஜில்லென்று காற்று. மழை வரும்போல் இருந்து, வரவில்லை.

கஞ்சி எடுத்துப்போனேன். “வெச்சிட்டு குந்துக்கா” என்றான். உட்கார்ந்தேன். அவன் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

“நான் தண்ணியில காலு ஒதச்சிகினுதான் இருந்தேன். ஒதச்சதாலதான் முழுவாம கெடந்தேன். வலையில மடிஞ்சி மேல வரும்போதுதான் உள்ள படக்குன்னுச்சி. அப்பால காலே இல்ல.”

ஏன்டா இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட, விழுந்ததும் மயக்கம், ஒன்றும் நினைவில்லை என்றுதானே சொன்னான்.

“பக்கத்துலயே தேசு நின்னுகினு இருந்தான்ல. எப்டிக்கா சொல்றது? அவன் எறங்காட்டி அந்த ரெண்டு போட்டும் என்ன நசுக்கியிருக்கும். தெரிஞ்சா செத்துருவான் அவன். அத்தொட்டுதான் வாய மூடிகினு கெடந்தேன். நீ சொல்லிட்ட.”

நீ சொல்லிட்ட. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐந்து மாதம் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு மூடி வைத்ததை, நான் ஒரு புண்ணைப் பார்த்த ஆத்திரத்தில் நடு வீட்டில் போட்டு உடைத்திருக்கிறேன். அதுவும், உண்மை என்று தெரியாமலே.

லேப்பில் மேடத்திடம் விசாரித்தேன் என்றேன், என்ன சொன்னார் என்று கேட்டான். சொன்னேன். வீக்கம், பச்சை, சிவப்பு, நாள்கணக்கில் பரவுவது. கவனமாகக் கேட்டான். “அப்போ அத்தயே அவனாண்ட போய்ச் சொல்லு. உன் லேப்புல சொன்னாங்கன்னு சொல்லு. நம்புவான்.”

பொய் இல்லை அது. முழுசும் இல்லை, அவ்வளவுதான். கஞ்சி பாதி குடித்தான்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். கோயிலில் கால் வைக்க இடமில்லை. அம்மா முட்டி வலியோடு வரிசையில் நின்று, மந்திரித்த ரொட்டி வாங்கினாள். சேவியருக்கு ஒன்று. தேசுவுக்கும் ஒன்று எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். அவன் கும்பிடுவது வேற சாமி என்பதெல்லாம் அம்மாவுக்குக் கணக்கே இல்லை.

என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம், வாயிலிருந்து போனதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

போன் எடுக்கவில்லை. நாளைக்கு ராத்திரி படகு கிளம்புகிறது. ஒரு தடவை போனால் வாரம், பத்து நாள். இதோடு போனால் அவன் கரை திரும்பினாலும் வீட்டுக்கு வரமாட்டான், எனக்குத் தெரியும். நேரே போவது என்று முடிவு.

புண்: சிவப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. உரிந்த இடம் காயவில்லை.

ஜூன் 14, சனி

சாயந்திரம் நாலு மணிக்கே காசிமேடு. உள்ளே நுழைய முடியவில்லை. ஐஸ் லாரி, டீசல் பேரல், தண்ணீர் கேன், அரிசி மூட்டை. படகுக்குப் படகு மாலை, மாவிலை, கற்பூரம். உடைத்த பூசணியில் இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டு மாதம் கழித்துக் கடலுக்குப் போகிற சந்தோஷம், எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அலறின.

தம்பி சொன்ன அந்தப் புது நீலம் தூரத்திலேயே தெரிந்தது. பேரில் ஒரு எழுத்து தப்புதான்.

தேசு ஐஸ் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்தபடி கரைக்கு வந்தான். முதல் கேள்வி, “புண்ணு எப்டிக்கா கீது?”

ரொட்டியைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தான். அப்புறம் நான் பேசினேன். மன்னிச்சுக்கோ என்று முதலில் சொன்னேன். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாம். அடி பட்டதும் ஓடி வருகிற செல்கள், வீக்கம், பக்கத்து நரம்பு. நீ தூக்கினதால் இல்லை தேசு, உள்ளே நடந்தது. எங்கள் மேடமே சொன்னார். ஐஸ் உருகி அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நம்புகிறான் என்றே நினைத்தேன்.

முடித்ததும் ஸ்பீக்கர் சத்தத்தில் கிட்டே வந்து சொன்னான்.

“அன்னிக்கி வலைக்குள்ள அவன கட்டிப் புட்ச்சிகினு நானுந்தாங்கா இருந்தேன். இஸ்ங்கடான்னு கத்துனதே நான்தான். இஸ்கும்போது அவன் முதுகுல படக்னு சத்தம். எங்கையில கேட்டுச்சி எனுக்கு.”

கையை மறுபடி கைலியில் துடைத்தான்.

“அவனுக்குத் தெரியாது. மயக்கத்துல இருந்தான். சொல்லிராதக்கா. தெரிஞ்சா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டான்.”

இந்தப் பக்கம் ஒருத்தன் சொல்லாதே என்கிறான். அந்தப் பக்கம் ஒருத்தன் சொல்லாதே என்கிறான். இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இந்த வாய் செய்தது நினைவு வந்தது. அடக்கிக்கொண்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

திரும்பி வந்ததும் வீட்டுக்கு வருவாயா என்று மட்டும் கேட்டேன். “தூக்க யாருக்கா கீறாங்க?” என்றான். நான்தான் என்றேன். அங்கேயே, டீசல் பேரல்களுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, சொல்லிக் கொடுத்தான். என் முட்டி தம்பி முட்டியில் முட்டுக்கொடுக்கணும். அவன் தாடை என் தோளில் வரணும். கை இரண்டும் இடுப்புக்குப் பின்னால், கக்கத்தில் இல்லை. முதுகு வளையக்கூடாது, எந்த நேரமும் வளையக்கூடாது. அவன் மூச்சு விடும்போது தூக்கணும். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் தேசுவுக்குக் காட்டியிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போய்விட்ட நாள்களில்.

படகிலிருந்து கூப்பிட்டார்கள். ‘வர்றேங்கா’ என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லோரும் சொல்கிற வர்றேன்தான். அதை வைத்து, வீட்டுக்கு வருவானா என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே நல்ல காற்று. நாற்றம் இல்லை. படகுகள் எல்லாம் போய்விட்டன. பூசைக்குப் போகவில்லை.

தம்பி விழித்ததும் கேட்டது, “இன்னா சொன்னான்?”

நம்பிட்டான் என்றேன். லேப்பில் சொன்னதாகச் சொன்னேன், அப்படியே நம்பிட்டான். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டான். நிஜமாக என்று இரண்டு தடவை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் நெற்றியில் சுருக்கம் இல்லை.

பிறகு தூக்கினேன். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், காற்றுக் குஷனை இரண்டு தடவை சரிபார்த்தேன். முட்டிக்கு முட்டி. தாடை என் தோளில். முதுகு நேராக. மூச்சு விடும்வரை காத்திருந்து தூக்கினேன். கனம் தாங்காமல் கால் நடுங்கியது, ஆனால் விடவில்லை. உட்கார வைத்துவிட்டேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் வேர்த்து விறுவிறுத்து, ஏதோ சாதித்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சேவியர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான், “தேசு இன்னும் மெதுவா தூக்குவான்.”